கல்வராயன் மலைக்கு ஒரு நாள் சுற்றுலா: நாம் இறங்கி வந்த பிறகு மலைக்கு என்ன மிஞ்சுகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கராபுரம் கடைவீதியில் டீக்கடை ஓரமாக நாலு பைக், ஒரு வேன். "இப்பக் கெளம்புனா சாயந்திரம் வந்துடலாம் மச்சான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பையைக் கட்டுகிறார்கள். பையில் பிரியாணிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், துண்டு, பாட்டுக் கேட்க ஒரு ஸ்பீக்கர். போகிற இடம் கல்வராயன் மலை. பெரியார் அருவியில் ஒரு குளியல், கரியாலூரில் ஒரு படகுச் சவாரி, வழியில் குரங்குகளுக்கு பிஸ்கட், நாலு செல்ஃபி. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க வயலிலும் கடையிலும் கல்லூரியிலும் கிடந்தவர்களுக்கு ஒரு நாள் குளிர்ந்த காற்று வேண்டும்தானே? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக எல்லோரிடமும் காசு இல்லை. பக்கத்திலேயே மலை இருக்கும்போது போகாமல் இருப்பார்களா?

கேள்வி வேறு. வந்தவர்கள் இறங்கிய பிறகு மலையில் என்ன மிஞ்சுகிறது? குப்பை மட்டும்தானா, இல்லை நாலு பேருக்குக் கூலியுமா? ஒரு நாள் சுற்றுலா மலைக்குச் சாபமா வரமா என்பது இதை வைத்தே முடிவாகும்.

கப்பல் சுற்றுலாவுக்கும் கல்வராயனுக்கும் என்ன சம்பந்தம்?

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களிலும் நின்றது. இப்படிப்பட்ட பயணத்தில் கப்பல் காலையில் கரை சேரும், மாலையில் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் பயணிகள் ஊரைப் பார்க்க வேண்டும். அம்பாந்தோட்டையில் இறங்கினால் யால, உடவளவை என்று யானையும் சிறுத்தையும் உள்ள காடுகள். திருகோணமலையில் இறங்கினால் திமிங்கிலம் பார்க்கப் படகு, பவளப்பாறை பார்க்கப் புறாத்தீவு.

காலையில் வந்து, இயற்கையைப் பார்த்து, மாலையில் திரும்பிவிடுவது. சங்கராபுரத்திலிருந்து கல்வராயனுக்குப் போகிறவரும் இதைத்தான் செய்கிறார். கப்பலுக்குப் பதில் பைக், அவ்வளவுதான். இரண்டிலும் உள்ள சிக்கலும் ஒன்றே. கப்பலில் வருகிறவருக்குச் சாப்பாடும் படுக்கையும் கப்பலிலேயே இருப்பதால், இறங்கிய ஊரில் அவர் பெரிதாகச் செலவு செய்வதில்லை. கல்வராயனுக்குப் போகிறவரும் சோற்றைக் கீழேயே கட்டிக்கொண்டு போகிறார். நேரம் குறைவு என்பதால் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் குவிகிறார்கள். யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் முண்டியடிப்பதும், விடுமுறை நாளில் அருவி வாசலில் வண்டிகள் முண்டியடிப்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

இந்த நோயை அனுபவித்து மருந்து தேடிய ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தலைநகர் ஜூனோவில் வசிப்பவர்கள் சுமார் 32,000 பேர். 2023-ல் மட்டும் அங்கே கப்பலில் வந்து இறங்கியவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். வந்தவர்கள் எல்லோரும் திமிங்கிலமும் பனிப்பாறையும் பார்க்கத்தான் வந்தார்கள். ஊர் மூச்சுத் திணறியது. கப்பல் நிறுவனங்களுடன் பேசி, 2024 முதல் ஒரு நாளைக்கு 5 பெரிய கப்பல்கள்தான் என்று நகராட்சி ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு, சனிக்கிழமைகளில் கப்பலே வரக் கூடாது என்ற யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. 'வரவே வேண்டாம்' என்றும் சொல்லவில்லை, 'எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும்' என்றும் விடவில்லை. அளவு வைத்தார்கள். கல்வராயனுக்குத் தேவையானதும் இந்த நடுவழிதான்.

மலையில் இருப்பவர்கள் யார்?

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எல்லாம் இதற்கு உறவு. சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கள்ளக்குறிச்சி, சேலம் பக்கமாக விரிந்து கிடக்கிறது. வடபுறம் சின்னக் கல்வராயன், தென்புறம் பெரிய கல்வராயன் என்பார்கள். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மலைக்கும் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டம் உண்டு.

இங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் 'மலையாளி' என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்கிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லும் கதை இவர்களிடம் உண்டு. சாமை, தினை, மரவள்ளி விளைவிக்கிறார்கள். காட்டில் கடுக்காய், புளி, தேன் எடுக்கிறார்கள்.

இந்த மக்கள் ஜாகிர்தார்களின் பிடியில் நெடுங்காலம் இருந்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் கழித்து, 1976-ல்தான் மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. அந்தப் பின்தங்கல் இன்னும் தீரவில்லை. 2018 பிப்ரவரியில் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. செத்தவர்கள் சேலம் மாவட்டத்துக் கல்வராயன் மலைப் பகுதியான கருமந்துறைப் பக்கத்து ஆட்கள். செம்மரம் வெட்டப் போகும் அளவுக்கு ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு, ஊரில் பிழைப்பு இல்லை என்பதுதான் பதில்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோர் பார்வையும் மலைப்பக்கம் திரும்பியது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, வேலை எல்லாம் விவாதத்துக்கு வந்தன.

வாரா வாரம் வண்டி வண்டியாக ஆட்கள் ஏறி இறங்கும் மலை அது. அந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு வருமானமாவது அந்த மக்கள் கையில் தங்கினால், ஆந்திரக் காட்டுக்குப் போகிற ஒரு லாரியில் ஒரு ஆள் குறைவார். இந்தச் சுற்றுலாவில் பணயமாக இருப்பது அதுதான்.

விலங்கைப் பார்க்க முடியுமா?

"மேல போனா கரடி பாக்கலாமா?" என்று குழந்தைகள் கேட்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கரடி, மான், காட்டுப்பன்றி எல்லாம் உண்டுதான். ஆனால் பகல் பத்து மணிக்கு, ஸ்பீக்கர் சத்தத்தோடு போகிறவர் கண்ணில் அவை படாது. கரடி பெரும்பாலும் இரவிலும் அந்தி சாயும் நேரத்திலும் நடமாடும் பிராணி. அது கண்ணில் படுவதும் நல்லதல்ல. திடீரென்று ஆளைப் பார்த்தால் பயந்து பாயும்.

எதுவும் பார்க்க முடியாத ஏமாற்றத்தில்தான் பலர் குரங்குப் பக்கம் திரும்புகிறார்கள். சாலை ஓரம் உட்கார்ந்திருக்கும் நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அதற்கு பிஸ்கட்டும் சிப்ஸும் போடுவது புண்ணியம் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. காட்டுக்குள் பழமும் தளிரும் தின்று, கொட்டையைப் பரப்பி, மரம் வளர்க்க வேண்டிய பிராணி, வளைவில் வண்டிக்காகக் காத்துக் கிடக்கிறது. குட்டிகள் சக்கரத்தில் சிக்குகின்றன. பை பிடுங்கிப் பழகிய குரங்கு கடைசியில் மலைக்காரர் வீட்டுக் கூரையைப் பிரிக்கிறது. வந்தவர் போய்விடுவார்; தொல்லை அங்கேயே இருப்பவருக்கு.

ஆனால் விலங்கைப் பார்க்காமலே காட்டைப் பார்க்க முடியும். அதற்குக் காடு தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். கரையான் புற்றில் ஆழமாகத் தோண்டிய குழியைக் காட்டி, "ராத்திரி கரடி வந்து கரையான் தின்னுட்டுப் போயிருக்கு" என்று அவர் சொன்னால் பிள்ளைகளுக்கு உடம்பு சிலிர்க்கும். உயரமான பாறையில் தொங்கும் மலைத்தேனீ அடையைக் காட்டி, அதன் கீழே ஏன் அடுப்பு மூட்டக் கூடாது என்றும் சொல்வார். புகை பட்டால் தேனீக் கூட்டம் கலைந்து துரத்தும். அருவியில் எந்தப் பாறை வழுக்கும், மேலே மழை பெய்தால் தண்ணீர் எப்படித் திடுக்கென்று கூடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

வழி தெரிந்தவர் இல்லாமல் காட்டுக்குள் போவதன் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன.

மேலே எறிவது எங்கே போகிறது?

சங்கராபுரத்துக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் பிறப்பது கல்வராயன் மலையில்தான். கச்சிராயபாளையம் பக்கத்தில் கோமுகி அணை, சங்கராபுரம் பக்கத்தில் மணிமுக்தா அணை. இரண்டுக்கும் தண்ணீர் தருவது அந்த மலை. அணைகளைத் தாண்டி ஓடும் தண்ணீர் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது.

ஆக, அருவியில் விட்டுவிட்டு வரும் ஷாம்பு பாக்கெட்டும் கேரி பையும் மலையிலேயே இருந்துவிடுவதில்லை. அடுத்த மழைக்கு இறங்கி வருகின்றன. மதகில் சிக்குகின்றன, வாய்க்காலை அடைக்கின்றன. வண்டியில் போய் எறிந்ததை ஆறு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது.

ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை உண்டு. தடை மட்டும் போதாது என்பதற்கு நீலகிரி ஒரு பாடம். உடைந்த மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்தன. 2022 மே மாதத்திலிருந்து அங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. பாட்டில்கள் கடைக்குத் திரும்பத் தொடங்கின. புத்திமதி சாதிக்காததைப் பத்து ரூபாய் சாதித்தது.

அப்படியானால் ஒரு நாள் பயணிதான் வில்லனா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 'இவங்க காலையில வந்து குப்பை போட்டுட்டுப் போறாங்க. தங்குற டூரிஸ்ட் வந்தாத்தான் ஊருக்கு லாபம். ரிசார்ட் கட்டணும்' என்பது வழக்கமான வாதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கல்வராயனைப் பொறுத்தவரை இது தப்பான கணக்கு.

தங்கும் பயணிக்கு விடுதி வேண்டும். விடுதிக்கு நிலம் வேண்டும். நிலத்துக்கு வெளியூர்ப் பணம் வரும். ஏற்காட்டில் என்ன நடந்தது? அங்கேயும் பூர்வகுடிகள் இதே மலையாளி மக்கள்தான். 19-ம் நூற்றாண்டில் காபித் தோட்டங்கள் வந்தன, பிறகு பங்களாக்களும் விடுதிகளும் வந்தன. நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்களில் பலர் தோட்டத்துக்கும் விடுதிக்கும் கூலிகளானார்கள். ஜாகிர்தாரிடமிருந்து 1976-ல் மீண்ட மலை, ரிசார்ட் முதலாளியிடம் போய்ச் சேர வேண்டுமா?

ஒரு நாள் பயணிக்கு நிலம் வேண்டாம். ஒரு வேளைச் சோறு, ஒரு வழிகாட்டி, ஒரு கழிப்பறை, வண்டி நிறுத்த ஓர் இடம் இருந்தால் போதும். இது எல்லாவற்றையும் மலையூர்க்காரர்களே கொடுக்க முடியும். அதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ராத்திரியில் காடு விலங்குகளுக்கே மிச்சமாக இருக்கும். உண்மையில் கல்வராயனுக்குப் பொருத்தமானவர் ஒரு நாள் பயணிதான். குறை அவரிடம் இல்லை; அவரை வரவேற்கவும் வழிநடத்தவும் ஏற்பாடு இல்லாததில் இருக்கிறது.

செய்து காட்டிய ஊர் இருக்கிறதா?

இருக்கிறது. கோவை மாவட்டம் காரமடைக்கு மேலே, பில்லூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய பரளிக்காட்டில் வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து ஒரு நாள் சுற்றுலா நடத்துகிறார்கள். முன்பதிவு செய்தவர்கள் மட்டும் வரலாம். வந்தவர்களைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு போவது பழங்குடி ஆட்கள். மதியச் சாப்பாடு சமைத்துப் பரிமாறுவது பழங்குடிப் பெண்கள். சாப்பிட்ட பிறகு ஒரு நடை, ஆற்றில் ஒரு குளியல். மாலையில் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். துறைமுகத்தில் இறங்கிய கப்பல் பயணியின் நாளைப் போலவே கச்சிதமான ஒரு நாள். வித்தியாசம் என்னவென்றால், காசு அந்த ஊரிலேயே தங்குகிறது.

கேரளத்துத் தேக்கடியில் 1990-களின் பிற்பகுதியில் இதைவிடக் கடினமான காரியம் நடந்தது. காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போய் மரப்பட்டை உரித்துப் பிழைத்தவர்களையே வனத்துறை வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றியது. காட்டைச் சந்து பொந்தாக அறிந்த அவர்களைவிட அதைக் காக்கத் தகுந்த ஆள் வேறு யார்? சாராயத்துக்கும் செம்மரத்துக்கும் பேர் வாங்கிய மலைக்கும் இது பொருந்தும்.

யார் முடிவெடுப்பது?

ஒரு மலையில் எத்தனை வண்டி ஏறலாம் என்று வரம்பு வைப்பது புதிதல்ல. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று கணக்கும் வந்தது. ஆனால் அந்த ஊர்களில் சிக்கல் முற்றிய பிறகே கடிவாளம் வந்தது. கல்வராயனில் இன்னும் முற்றவில்லை. இதுவே சரியான நேரம்.

முடிவு நீதிமன்றத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, சமூக வன வளங்களுக்குள் யார் எப்படி வருவது என்பதை ஒழுங்குபடுத்தவும், காட்டையும் வன விலங்குகளையும் கெடுக்கும் செயலைத் தடுக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. பட்டா வாங்கும் சட்டமாகவே இதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அருவிக்குப் போகும் பாதையை யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

கட்டணம் வைத்தால் ஏழைகள் எங்கே போவார்கள்?

நியாயமான கேள்வி. கல்வராயனுக்கு வருகிறவர்களில் பலர் கூலி வேலை செய்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பஸ்ஸில் வரும் குடும்பங்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பணக்காரரை மட்டும் உள்ளே விடும் கட்டணம் அநியாயம்.

அதற்கு வழி உண்டு. 2024 ஏப்ரலில் இத்தாலியின் வெனிஸ் நகரம், நெரிசலான நாட்களில் ஒரு நாள் பயணிகளிடம் 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது. அந்த வட்டாரத்திலேயே குடியிருப்பவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. இங்கேயும் அரசு பஸ்ஸில் வருகிறவருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரருக்கும் கட்டணம் வேண்டாம். கார், வேன், வெளியூர் பைக் ஆகியவற்றுக்கு வண்டிக்கு இவ்வளவு என்று வைக்கலாம். கீழே இருக்கும் சோதனைச் சாவடியிலேயே வசூலித்து, ரசீது கொடுத்து, அந்தப் பணம் எந்த ஊராட்சிக்கு எவ்வளவு போனது என்று பலகையில் எழுதி வைக்கலாம். பாட்டிலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் முன்பணம் வாங்கி, இறங்கும்போது காட்டினால் திருப்பித் தரலாம்.

மேலே மகளிர் குழுக்கள் சாமைச் சோறும் களியும் சமைக்கட்டும். அருவிக்குப் போகும் ஒவ்வொரு கூட்டத்தோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவர் போகட்டும். கோடை விழாவுக்கு மேடை போடுகிற செலவில் ஒரு பங்கு இந்தப் பயிற்சிக்குப் போனால், விழா முடிந்த பிறகும் பயன் இருக்கும்.

இந்த ஏற்பாடுகள் வரும் வரை பயணிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சங்கராபுரம் கடைவீதியில் கட்டும் பிரியாணிப் பொட்டலத்தைக் குறைத்துக்கொண்டு, வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ சாப்பிடலாம். இறங்கும்போது ஒரு படி சாமையோ கொஞ்சம் கடுக்காயோ தேனோ மலைக்காரரிடம் வாங்கலாம். பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கிடம் நீட்டாமல் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். காலியான பாட்டிலையும் அதே பையில் போட்டுக் கீழே கொண்டுவரலாம். அந்தப் பை ஏறும்போது இருந்த கனத்தோடே இறங்கினால், மலைக்கும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மணிமுக்தா அணைக்கு வரும் தண்ணீரும் கொஞ்சம் தெளிவாக இருக்கும்.